மாயச் சந்தையும் சில்லறைக் காசும்: 'அறபி' சிறுகதையில் குறியீடும் தன்னறிதலும்

1

சென்ற விடுமுறையின்போது மாவடிப்பள்ளியில் உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் ஒரு சிறுகதையை வாசிக்கும் வாய்ப்புக் கிட்டியது. ஜேம்ஸ் ஜோய்ஸ் எழுதிய 'அறபி' என்பது அக்கதை. ஆங்கில மூலத்தைப் பந்தி பந்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். தலைப்பைக் கேட்டதுமே மாணவரிடையே ஒரு சலசலப்பு எழுந்தது. டப்ளின் நகரத்துக் கத்தோலிக்கச் சிறுவனின் கதைக்கு இப்படி ஒரு பெயரா என்பது அவர்களின் வியப்பு. கதை முடிந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், மாமாதானே பிந்தி வந்தவர். இவன் ஏன் தன்னையே ஏசுறான்?"

இக்கதைபற்றி மேனாட்டு விமரிசகர் எழுதியவை ஏராளம். அவற்றுட் பல குறியீடுகளைத் தேடிப் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகின்றன. அம்மாணவியின் கேள்வியோ கதையின் மையத்தையே தொடுகிறது. காதலைத் தேடிச் சென்ற ஒருவன் இறுதியில் தன்னைக் கண்டுகொள்கிறான் என்பதே இக்கதைக்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். ஆயின், அவன் கண்டது முழு உண்மைதானா? அவன் காணத் தவறியது எது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கதை எழுந்த சூழலை முதலில் நோக்குதல் வேண்டும். ஜோய்ஸ் 1882 இல் டப்ளினிற் பிறந்தவர். அயர்லாந்து அப்போது பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்தது. 1801 முதல் அதற்கெனத் தனிப் பாராளுமன்றம் இருக்கவில்லை. இலங்கையின் கரையோரமும் பின்னர் கண்டியும் எந்தப் பேரரசின் வசமாயினவோ அதே பேரரசின் அண்டைவீட்டுக் குடியேற்ற நாடாக அயர்லாந்து விளங்கியது. ஜோய்ஸ் 1904 அளவில் எழுதத் தொடங்கிய பதினைந்து கதைகள் 'டப்ளின் வாசிகள்' என்னும் தொகுதியாக 1914 இலேதான் வெளிவந்தன. வெளியீட்டாளர்களின் அச்சமும் ஆட்சேபங்களும் இடையில் பல ஆண்டுகளை விழுங்கின. தமது நாட்டின் அறவியல் வரலாற்றில் ஓர் அத்தியாயத்தை எழுதுவதே தம் நோக்கம் என்றும், முடங்கிப்போன வாழ்வின் மையமாக டப்ளின் தமக்குத் தோன்றியமையாலேயே அந்நகரைக் களமாகக் கொண்டதாகவும் ஜோய்ஸ் தமது வெளியீட்டாளருக்கு எழுதினார். இத்தொகுதியின் மூன்றாவது கதையே 'அறபி'.

கதையில் வரும் சந்தையும் வெறுங் கற்பனையன்று. 1894 மே மாதம் 14 ஆம் திகதி முதல் 19 ஆம் திகதி வரை டப்ளினில் 'அறபி' என்ற பெயரிலேயே ஒரு கீழைத்தேயக் கோலாகல விழா நடைபெற்றது. நகரின் மருத்துவமனை ஒன்றுக்கு நிதி திரட்டுவதற்காக அது ஒழுங்குசெய்யப்பட்டது. அவ்வேளை ஜோய்சுக்குப் பன்னிரண்டு வயது. அவரது குடும்பம் வசித்த வீடுகளுள் ஒன்று இக்கதை நிகழும் நோர்த் றிச்மண்ட் வீதியிலேயே இருந்தது.

கதைச் சுருக்கம் வருமாறு. பெற்றோர் பற்றிய பேச்சே இல்லாத ஒரு சிறுவன் தன் மாமா மாமியுடன் ஒரு முட்டுச்சந்தில் வாழ்கிறான். அயலிலுள்ள நண்பன் மங்கனின் தமக்கைமீது அவனுக்குச் சொல்லொணாத ஈர்ப்பு. நாள்தோறும் காலையில் முன்னறையின் தரையிற் படுத்து, திரையின் கீழ் இடுக்கால் அவள் வீட்டு வாசலைப் பார்த்திருப்பான். அவள் வெளியே வந்ததும் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு பின்தொடர்வான். வழி பிரியும் இடத்தில் வேகமாக நடந்து அவளைக் கடந்துபோவான். ஒருநாள் அவளே அவனிடம் பேசுகிறாள். அறபிச் சந்தைக்குப் போவாயா என்கிறாள். தனக்குப் போக விருப்பம். ஆயினும் தான் கற்கும் கன்னியர் மடத்தில் அவ்வாரம் தியானம் நடப்பதாற் போகமுடியாது என்கிறாள். நான் போனால் உனக்கு ஏதேனும் கொண்டுவருவேன் என்று அவன் வாக்களிக்கிறான். சனிக்கிழமை வருகிறது. காசு தரவேண்டிய மாமா அதனை மறந்து இரவு ஒன்பது மணிக்கே வீடு திரும்புகிறார். வெறிச்சோடிய மூன்றாம் வகுப்பு இரயிற் பெட்டியிலேறிச் சிறுவன் சந்தையை அடையும்போது பத்துமணிக்குப் பத்து நிமிடம். கடைகள் பெரும்பாலும் அடைபட்டுவிட்டன. எதுவும் வாங்காமல், விளக்கணைந்த மண்டபத்தின் இருளை அண்ணாந்து நோக்கி நிற்கிறான். வீண் மயக்கத்தால் உந்தப்பட்டு அதனாலேயே எள்ளப்பட்ட பிராணியாகத் தன்னை அவன் காண்பதோடு கதை முடிகிறது.

3

குறியீடு பற்றி நம்மிடையே இரு எதிரெதிரான மயக்கங்கள் நிலவிவந்துள்ளன. குறியீட்டை ஒரு விடுகதையாகக் கருதி, இது இதனைக் குறிக்கும், அது அதனைக் குறிக்கும் என அகராதி தயாரிப்பது ஒன்று. குறியீட்டைக் கையாள்பவன் சமூகத்திலிருந்து தப்பியோடுபவன் என ஐயுறுவது மற்றையது. இரண்டாவது மயக்கத்துக்கு முற்போக்காளராகிய நாமும் பொறுப்பேற்க வேண்டியவர்களே. 1934 இல் நடைபெற்ற சோவியத் எழுத்தாளர் மாநாட்டில் கார்ல் றடெக் ஜோய்சை மிகக் கடுமையாகச் சாடினார். லூக்காச்சும் ஜோய்சின் கலையை யதார்த்தத்தின் சிதைவாகவே கண்டார். ஈழத்தில் 1954 இல் தோன்றிய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் வழியில் வளர்ந்த விமரிசனம் யதார்த்தவாதத்தை முதன்மைப்படுத்தியது. வரலாற்று நோக்கில் அது அவசியமான பணியேயாம். ஆயினும் அகவுலகு பற்றிய எழுத்தை ஐயுறும் மனப்பாங்கும் அதனோடு கூடவே வளர்ந்தது. மறுபுறத்தில், பிறெக்ட் போன்ற மார்க்சியர் புதிய உத்திகளை அவற்றின் பயன்கொண்டு மதிப்பிடவேண்டும் என வாதிட்டமையும் மனங்கொள்ளத்தக்கது.

'அறபி' கதையின் குறியீடுகள் வானத்திலிருந்து இறக்கப்பட்டவையல்ல. அவை அனைத்தும் அவ்வீதியில், அவ்வீட்டில், அக்கடைத்தெருவில் உண்மையாகவே இருக்கும் பொருட்கள். மூன்றினை மட்டும் எடுத்துநோக்குவோம்.

முதலாவது, வீடு. அங்கு முன்னர் குடியிருந்த பாதிரியார் பின்னறையில் இறந்துபோனவர். அவர் விட்டுச்சென்ற பழம் புத்தகங்களைச் சிறுவன் புரட்டுகிறான். அவற்றுள் ஒன்று வால்ற்றர் ஸ்கொட்டின் நாவல். மற்றது ஒரு பக்தி நூல். மூன்றாவது, குற்றவாளியாக இருந்து துப்பறிபவனாக மாறிய விடொக் என்பானின் நினைவுக் குறிப்புகள். தாள்கள் மஞ்சளித்திருப்பதால் மூன்றாவதே சிறுவனுக்கு மிகப் பிடித்தது. வீரசாகசம், பக்தி, ஏமாற்று ஆகிய மூன்றும் ஒரே அறையில் மக்கிக் கிடக்கின்றன. சிறுவனின் காதலும் இம்மூன்றினாலும் ஆனதே என்பதைக் கதை பின்னர் காட்டுகிறது. அப்பாதிரியார் தம் பணத்தை நிறுவனங்களுக்கும் தளபாடங்களைத் தம் சகோதரிக்கும் எழுதிவைத்தவர். மிகுந்த தருமவான் என அவரைக் கதை கூறுகிறது. துறவியிடம் எழுதிவைக்கப் பணம் இருந்தது என்பதை அது வேறெந்த விளக்கமுமின்றிச் சொல்லிச்செல்கிறது. பின்புறத் தோட்டத்தின் நடுவே ஓர் அப்பிள் மரம். புதரடியிற் பாதிரியாரின் துருப்பிடித்த துவிச்சக்கரவண்டிப் பம்பு. ஏதேன் தோட்டத்தை நினைவூட்டும் மரத்தினருகே காற்றடிக்க உதவாத ஒரு பம்பு கிடக்கிறது. மாமரத்தடிப் பள்ளிவாசலைத் தன் பெயரிலேயே தாங்கிய மாவடிப்பள்ளியில் வளர்ந்தவர்க்கு, மரமும் வழிபாடும் வாழ்வும் இணைந்த படிமம் அந்நியமானதன்று. ஜோய்சின் தோட்டத்திலோ அவ்விணைப்பு முறிந்து கிடக்கிறது.

இரண்டாவது, கடைத்தெரு. சனிக்கிழமை மாலைகளில் மாமி சாமான் வாங்கப் போகும்போது பொதிகளைச் சுமந்து சிறுவனும் உடன் செல்கிறான். குடிகாரர், பேரம் பேசும் பெண்கள், தொழிலாளரின் வசவு, பன்றிக்கன்ன இறைச்சிப் பீப்பாக்களைக் காத்துநிற்கும் கடைப்பையன்களின் கூவல், நாட்டின் துயரைப் பாடும் தெருப்பாடகரின் குரல் ஆகியவற்றுக்கு ஊடாக அவன் நடக்கிறான். பகைவர் கூட்டத்தினூடே ஒரு திருக்கிண்ணத்தைச் சிந்தாமற் கொண்டுசெல்வதாக அவனுக்கு ஒரு கற்பனை. கதையின் புகழ்பெற்ற இக்குறியீட்டில் நாம் கவனிக்கவேண்டியது கிண்ணத்தை மட்டுமன்று. பகைவராகக் கருதப்பட்டோர் யார் என்பதையுமாகும். அவர்கள் உழைக்கும் டப்ளின் மக்கள். தன் காதலைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும் பொருட்டு, தன் சொந்த மக்களையே அவன் பகைவராக்கிக் கொள்கிறான். அவன் கையிலிருப்பதோ திருக்கிண்ணமன்று, மாமியின் சாமான் பொதி. கீழ் மத்தியதர வர்க்கத்தின் உளவியல் முழுவதும் இவ்வொரு காட்சியில் அடங்கியுள்ளது எனலாம்.

மூன்றாவது, சந்தை. 'அறபி' என்ற சொல்லின் ஒலியே சிறுவன்மீது கீழைத்தேய மயக்கத்தை வீசுகிறது. அவனுக்கு அந்தக் கிழக்கை யார் அறிமுகஞ் செய்தார்கள்? நண்பனின் குடும்பப் பெயராகிய மங்கன் என்பது இங்கு கருதத்தக்கது. ஜேம்ஸ் கிளாறன்ஸ் மங்கன் (1803–1849) என்னும் ஐரிஷ் கவிஞர் தமது சொந்தக் கவிதைகள் பலவற்றைக் கீழைத்தேய மொழிகளிலிருந்து பெயர்த்தவையெனக் காட்டி வெளியிட்டவர். அவரைப்பற்றி ஜோய்ஸ் 1902 இல் ஓர் உரை நிகழ்த்தினார். போலிக் கிழக்கை விற்ற கவிஞனின் பெயரையே அப்பெண்ணின் குடும்பத்துக்கு அவர் இட்டிருப்பது தற்செயலாக இருத்தல் அரிது. மாமாவும் காசு தரும் வேளையில், ஓர் அறபி தன் குதிரையிடம் விடைபெறும் பாடலைச் சொல்லத் தொடங்குகிறார். குதிரையைப் பொன்னுக்கு விற்றுவிட்டுப் புலம்பும் அறபியைப் பற்றிய ஆங்கிலப் பாடல் அது. அன்புக்குரியது விலைப்பண்டமாகும் செய்தி, சிறுவன் படியிறங்கு முன்னரே அவன் காதில் விழுந்துவிடுகிறது.

4

எட்வேட் சயீத் 1978 இல் வெளியிட்ட 'கீழைத்தேயவாதம்' என்னும் நூல், மேற்கு தன் தேவைக்கேற்ப ஒரு கிழக்கைப் புனைந்துகொண்ட வரலாற்றை ஆராய்ந்தது. 'அறபி' அதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாயினும் ஒரு சிக்கல் உண்டு. இங்கு கிழக்கைக் கனவு காண்பவன் ஆளும் நாட்டவனல்லன், ஆளப்படுபவன். ஆள்வோரின் கனவையே அவன் இரவல் வாங்கிக் காண்கிறான். சந்தையில் அவன் சந்திக்கும் விற்பனைப் பெண்ணும் அவளோடு சிரித்துப் பேசும் இரு இளைஞரும் ஆங்கில உச்சரிப்பில் உரையாடுகின்றனர். வாசலின் இருமருங்கும் கீழைத்தேயக் காவலர்போலப் பெருஞ்சாடிகள் நிற்கின்றன. காவலரின் உள்ளே இருப்பது பீங்கான் பூச்சாடிகளும் பூவேலைப்பாடுள்ள தேநீர்க் கோப்பைகளுமே. ஏதாவது வாங்க வேண்டுமா என்று கடமைக்காகக் கேட்கப்பட்டபோது, வேண்டாம் என்று சொல்லும் அவனது குரலில் தாழ்வுணர்ச்சி வெளிப்படுகிறது. அறபு தேசத்தைத் தேடிப் புறப்பட்டவன் இறுதியில் வந்துசேர்ந்த இடம் இங்கிலாந்தின் ஒரு கடைமுகப்பாகும்.

இவ்விடத்திலேதான் மாவடிப்பள்ளி மாணவரின் சலசலப்புக்கு அர்த்தம் பிறக்கிறது. கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் 'அறபு' என்பது மாயச் சொல்லன்று. அது வேதத்தின் மொழி, தொழுகையின் திசை, பிள்ளை ஓதப் பழகும் முதல் எழுத்து. 1970களின் பிற்பகுதியிலிருந்து அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் ஏறியது. திறந்த பொருளாதாரக் கொள்கை 1977 இல் நடைமுறைக்கு வந்தபின், எண்ணெய் வளமிக்க அறபு நாடுகளுக்கு உழைப்பை விற்கச் செல்வது இலங்கையின் முக்கிய வருவாய் வழிகளுள் ஒன்றாகியது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 இல் நிறுவப்பட்டது. வீட்டுப்பணிப் பெண்களாகத் தாய்மாரும் குமரிகளும் சென்றனர். டப்ளின் சிறுவனுக்குக் கனவாக இருந்த பெயர் நம் பிள்ளைகளுக்குத் தாயின் பிரிவாகவும் வீட்டுக்கு வரும் காசாகவும் அறிமுகமாகியுள்ளது. ஒரே சொல், இருவேறு வரலாறுகள். எனினும் அவ்விரண்டையும் பிணைக்கும் கயிறு பணம் என்பதை மறத்தலாகாது.

5

பணத்தைப் பற்றிய இக்கதையின் கணக்கு மிகத் துல்லியமானது. மாமா கொடுத்தது ஒரு புளோரின், அதாவது 2 ஷிலிங். பென்சிற் கூறின் 24. சந்தையில் 6 பென்ஸ் வாயிலைச் சிறுவனாற் கண்டுபிடிக்க முடியவில்லை. அடைத்துவிடுவார்களோ என்னும் பதற்றத்தில் ஒரு ஷிலிங் வாயிலால் உட்புகுகிறான்; 12 பென்ஸ் போயிற்று. இறுதிக் காட்சியில் அவன் சட்டைப்பையில் எஞ்சியிருப்பது ஓர் ஆறு பென்ஸ் நாணயமும் இரண்டு பென்னி நாணயங்களும், மொத்தம் 8 பென்ஸ். ஆகவே இரயிலுக்குச் சென்றது 4 பென்ஸ். இக்கணக்கை ஆசிரியர் கூட்டிச் சொல்வதில்லை. எனினும் வாசகன் கூட்டிப் பார்க்கத்தக்க விதத்தில் நாணயங்களை ஒவ்வொன்றாகக் கதையெங்கும் வைத்துச் செல்கிறார். காதலின் கனவு எங்கே முறிகிறது என்பதற்கு விடை இந்தக் கழித்தலில் இருக்கிறது. வாங்கக்கூடிய பொருளின் விலையை அடையுமுன்னரே, பொருளைக் காண்பதற்கான கட்டணம் அவன் கையிருப்பின் பாதியை உறிஞ்சிவிட்டது.

மண்டபத்துள் அவன் நுழையும்போது வழிபாடு முடிந்த தேவாலயத்தின் அமைதி அங்கு நிலவுகிறது. அவ்வமைதியில் இருவர் ஒரு தட்டில் பணம் எண்ணுகின்றனர். நாணயங்கள் விழும் ஓசையைச் சிறுவன் செவிமடுக்கிறான். தேவாலயம், காணிக்கைத் தட்டு, வியாபாரம் ஆகியன ஒரே காட்சியில் ஒன்றன்மேலொன்றாகப் படிகின்றன. கடைத்தெருவிற் சிந்தாமற் காத்துவந்த திருக்கிண்ணத்தின் இடத்தில் இப்போது காசுத் தட்டு இருக்கிறது. இதுவே கதையின் குறியீட்டு அமைப்பின் திருப்புமுனை. குறியீடு உடைகிறது; உடைந்த இடத்தின் வழியே சமூக உறவு வெளித்தெரிகிறது. பண்டங்களைச் சூழ்ந்துள்ள மாயத்தன்மை பற்றி மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் விளக்கியது ஒரு சிறு பையனின் அனுபவமாக இங்கு நிகழ்கிறது. தன் சட்டைப்பைக்குள் இரு பென்னிகளை ஆறு பென்ஸ் நாணயத்தின்மேல் விழவிடுகிறானே, அந்தச் சிற்றொலி, சற்று முன்னர் தட்டிற் கேட்ட ஒலியின் எதிரொலியாகும்.

கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்ற காலத்தில், கையிற் பொத்திய காசோடு கடைவரிசைகளைச் சுற்றிவந்த சிறுபராயம் நம்மில் பலர்க்கு உண்டு. விளக்குகள் அணையத் தொடங்கும் வேளையில் அதே கடைகள் வெறும் பலகையும் கிடுகுமாகத் தெரிவதைக் கண்ட எவனும் ஜோய்சின் இறுதிக் காட்சியை விளக்கமின்றியே புரிந்துகொள்வான்.

6

இனி அம்மாணவியின் கேள்விக்கு வருவோம். இவன் ஏன் தன்னையே ஏசுகிறான்?

இறுதிக் கணத்தில் அவன் தன்னைப் பற்றி அறிந்தது உண்மைதான். தான் ஒரு மயக்கத்தில் இருந்ததை உணர்கிறான். அன்றாடக் கணத்தில் உண்மை திடீரெனப் புலப்படுதலை ஜோய்ஸ் சமய வழக்கிலிருந்து எடுத்த ஒரு சொல்லாற் குறித்தார். தமிழில் அதனைத் திடீர்த் தரிசனம் எனலாம். அத்தரிசனத்தில் வேதனை மட்டுமன்றிக் கோபமும் இருப்பதாகக் கதை கூறுகிறது. ஆனால் கோபம் யார்மீது? அது உள்நோக்கித் திரும்பித் தன்னையே சுடுகிறது. தன் தோல்விக்கு அவன் தேடிக்கொண்ட பெயர் அகந்தை, வீண் மயக்கம் என்பது. அது பாவசங்கீர்த்தனத்தின் சொல். பாதிரியார் இறந்த அறையில் நின்று காதலை விளித்து முணுமுணுத்தவன், அப்பாதிரியாரின் மொழியிலேயே தன்னைத் தண்டித்துக்கொள்கிறான். குடித்துவிட்டுத் தாமதித்து வந்த மாமா, ஷிலிங் வாயில், ஆங்கில உச்சரிப்புடைய கடைக்காரி, பிரித்தானிய ஆட்சியின் கீழ் முடங்கிப்போன நகரம் ஆகிய எதுவும் அவன் தீர்ப்பில் இடம்பெறவில்லை. சமூகத் தோல்வியொன்று தனிமனிதப் பாவமாக மாற்றப்பட்டுவிடுகிறது. ஆகவே அவனது தன்னறிதல் அரைவாசியே ஆகும்.

மற்ற அரைவாசி வாசகனிடம் விடப்பட்டுள்ளது. கதையைச் சொல்பவன் அச்சிறுவனே; ஆயினும் வளர்ந்தபின் திரும்பிப் பார்த்துச் சொல்கிறான். சொற்றேர்விலுள்ள மெல்லிய எள்ளல் வளர்ந்தவனுடையது. நாணயங்களை எண்ணி வைத்தவனும் அவனே. சிறுவன் காணாததைக் கதை காண்கிறது. இந்த இடைவெளியைக் கவனியாதவர்கள் இக்கதையை வெறும் பருவக்காதலின் ஏமாற்றமாகவோ சமய மனச்சாட்சியின் விழிப்பாகவோ குறுக்கிவிடுகின்றனர்.

அவன் அறியத் தவறிய இன்னொன்றும் உண்டு. அது அந்தப் பெண். கதை முழுவதும் அவளுக்குப் பெயரில்லை. அவள் மங்கனின் சகோதரி மட்டுமே. விளக்கொளி விழுந்த கழுத்து, கூந்தல், வேலிக்கம்பியைப் பற்றிய கை, ஆடையின் விளிம்பு என உறுப்புகளாகவும் ஒளியாகவுமே அவள் காட்டப்படுகிறாள். ஆயின் அவள் சொல்லும் ஒரேயொரு விருப்பம் தெளிவானது: தானும் சந்தைக்குப் போகவேண்டும். மடத்தின் தியானம் அதைத் தடுக்கிறது. பேசும்போது தன் வெள்ளிக் காப்பைத் திருப்பிக்கொண்டே இருக்கிறாள். சிறுவனுக்கு அக்காப்பு அழகாகத் தெரிகிறது. அடைபட்ட ஒருத்தியின் பதற்றமாக அது அவனுக்குத் தெரிவதில்லை. அவனால் இரவில் தனியே இரயிலேற முடிந்தது, அவளால் முடியவில்லை. காதலைத் தேடியவன் காதலியைத் தேடவில்லை. அவளுக்குப் பதிலாகப் பொருள் ஒன்றைத் தேடிப் போனான்.

7

தமிழ்ச் சிறுகதையில் இதற்கு அயலான ஒரு படைப்பை ஒப்புநோக்குதல் பயன்தரும். மணிக்கொடிக் காலத்து எழுத்தாளராகிய மௌனியின் (1907–1985) 'அழியாச்சுடர்' அத்தகையது. புதுமைப்பித்தன் மௌனியைச் சிறுகதையின் திருமூலர் என்றார். திருகோணமலையிற் பிறந்த பிரமிள் மௌனி கதைகளுக்கு எழுதிய முன்னுரை ஈழத்து வாசகரும் அறிந்ததே. 'அழியாச்சுடர்' கதையின் நாயகன் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கோயிலிற் கண்ட ஒரு பெண்ணுக்குத் தன்னுள் ஒரு வாக்கை அளித்தவன். சன்னலூடே தெரியும் பட்ட மரம், கோயிலின் இருள், தூணில் எழுந்துநிற்கும் யாளி, சந்நிதியின் சுடர் ஆகியன அவன் தேடலின் குறியீடுகள். இங்கும் பெண்ணுக்குப் பெயரில்லை. இங்கும் ஒரு வாக்குறுதி உண்டு. இங்கும் வழிபாட்டிடம் காதலின் களமாகிறது.

வேறுபாடு யாதெனில், மௌனியின் குறியீடுகள் உடைவதில்லை. யாளி கல்லாகத் திரும்புவதில்லை. அது மேலும் உயிர்பெறுகிறது. தேடல் பொருளற்ற வெளியை நோக்கி நீள்கிறது. தனிமனித மனத்தின் நுண்ணதிர்வுகளை அவ்வளவு துல்லியமாகத் தமிழிற் பிடித்தவர் மிகச் சிலரே என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அச்சாதனையைப் புறக்கணிப்பது விமரிசனமாகாது. ஆனால் ஜோய்சின் சிறுவன் இரயிற் கட்டணம் செலுத்துகிறான். மௌனியின் நாயகனுக்கு அப்படியொரு கணக்கு எழுவதேயில்லை. குறியீட்டைக் கையாள்வது முற்போக்கா பிற்போக்கா என்ற கேள்வியே பிழையானது. குறியீடு தான் பிறந்த மண்ணுக்குத் திரும்பி வருகிறதா, வரும்போது எதைக் காட்டுகிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

8

இவ்விவாதம் நூலறைக்குள் முடிந்துவிடுவதன்று. கிழக்கிலங்கையின் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் குடி தாய்வழியாக வருவது. வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது. மணமகன் மனைவியின் வீட்டுக்குக் குடிபுகுவது. ஒரு காலத்தில் பெண்ணுக்குக் காப்பாக அமைந்த இவ்வழக்கம், நிலம் அருகிப் பணப்பொருளாதாரம் ஊன்றிய பின்னர், வீடில்லாத குமருக்குப் பெருஞ்சுமையாகியுள்ளது. மகளுக்குச் சுவர் எழுப்புவதற்காகத் தாய் கடல்கடந்து பிறர் வீட்டைத் துடைக்கிறாள். சிலவேளை மகளே செல்கிறாள். இச்சூழலிற் காதலித்துத் தோற்கும் இளைஞனும் யுவதியும் தம் தோல்விக்குச் சொல்லும் காரணங்களைச் செவிமடுத்தால், டப்ளின் சிறுவனின் குரலையே கேட்கலாம். என் விதி என்பர். என் பிழை என்பர். நான் ஆசைப்பட்டிருக்கக் கூடாது என்பர். சட்டைப்பையிலுள்ள காசையும் வாயிற் கட்டணத்தையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

அந்த மாணவி கூட்டிப் பார்த்தாள். மாமாதானே பிந்தி வந்தவர் என்ற அவளது எளிய வாக்கியம், சிறுவனின் பாவசங்கீர்த்தனத்தை ஏற்க மறுத்து, பழியை அது சேரவேண்டிய திசைநோக்கித் திருப்புகிறது. மாமாவுக்கு அப்பாலும் செல்லவேண்டும் என்பதை அவளுக்கு எடுத்துக்கூறுவதே ஆசிரியனின் பணி. மாமாவும் அந்நகரத்தாற் களைத்துப்போன ஒரு மனிதர். குடித்தே வீடு திரும்பும் அவரை ஆக்கிய வாழ்வும் விசாரணைக்குரியது.

தன்னை அறிதல் என்பது தன்னை மட்டும் அறிதலன்று. தான் நிற்கும் இடத்தையும் தன்னோடு நிற்பவர்களையும் தன்னை அவ்விடத்தில் நிறுத்தியவற்றையும் அறியும்போதே அது நிறைவெய்துகிறது. 'அறபி' அந்நிறைவை நமக்குத் தருவதில்லை. அதன் பாதிவழியில், விளக்கணைந்த மண்டபத்தில், எட்டுப் பென்சோடு நம்மை நிறுத்திவிடுகிறது. மீதி வழியை வாசகர் தம் சொந்த ஊரின் வெளிச்சத்திலேதான் நடந்து முடிக்கவேண்டும்.